டிராகன் குவெஸ்ட் சிம்பொனி சிடிகள்: என்எச்கே, லண்டன், டோக்கியோ... எதை முதலில் வாங்குவது?

பனைநிழல் (மதுரை):

எல்லோருக்கும் வணக்கம். டிராகன் குவெஸ்ட் 3 என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டின் புதுப் பதிப்பை, 2024 நவம்பரில் வந்ததே அதை, போன வாரம்தான் முடித்தேன். கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது வந்த இசை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. விளையாட்டில் ஒலிப்பது டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது என்று தெரிந்ததும் சிடியாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தேட ஆரம்பித்தேன். அங்கேதான் குழப்பம். ஒரே இசைக்கு மூன்று நான்கு பதிவுகள் இருக்கின்றன. ஒன்றில் என்எச்கே என்று போட்டிருக்கிறது, ஒன்றில் லண்டன் பில்ஹார்மோனிக், ஒன்றில் டோக்கியோ. அட்டைப்படமும் வேறு வேறு, விலையும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

என்னால் இப்போதைக்கு இரண்டு சிடிதான் வாங்க முடியும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எதில் ஆரம்பிக்கலாம்? இன்னொன்று, மலிவாக ஒரு பிரதி கண்ணில் பட்டது, அது அசல்தானா என்று பார்ப்பது எப்படி?


ஓபிபட்டை (சென்னை):

வாங்க பனைநிழல். நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொடருக்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா மற்ற விளையாட்டு இசையமைப்பாளர்களைப் போல இந்தத் துறைக்குள் வந்தவர் இல்லை. பிறந்தது 1931. தொலைக்காட்சி, விளம்பரம், பாட்டு என்று பேர் வாங்கிய பிறகு, ஐம்பது வயது தாண்டி, டிராகன் குவெஸ்டை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்தின் ஒரு ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விளையாட்டைப் பற்றி வாடிக்கையாளர் அட்டையில் எழுதி அனுப்ப, அதைப் பார்த்து அவர்கள் இவரைத் தேடி வந்தார்கள். முதல் டிராகன் குவெஸ்ட் 1986 மே மாதம் வந்தது. அதே வருடமே அந்த இசையை நரம்பிசைக் குழு வாசித்த ஆல்பமும் வந்துவிட்டது. அடுத்த வருடம், 1987 ஆகஸ்ட் 20, டோக்கியோ சன்டோரி ஹாலில் கச்சேரி. உலகத்தில் விளையாட்டு இசைக்கென்று நடந்த முதல் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி அது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருக்கு விளையாட்டுக்குள் இருக்கும் சத்தமும் மேடையில் வாசிக்கும் இசையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகத்தான் போயிருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பாகத்துக்கும் சிம்பொனி சூட் (விளையாட்டின் இசையை ஆர்க்கெஸ்ட்ராவுக்காகக் கோத்த தொகுப்பு) தனியாக எழுதி, தானே நின்று நடத்தி, திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்.

இப்போது பதிவுகள். 3-ஆம் பாகம் 1988, 4-ஆம் பாகம் 1990, 5-ஆம் பாகம் 1992: இந்த மூன்றையும் அந்தக் காலத்திலேயே என்எச்கே சிம்பொனி வாசித்திருக்கிறது. ஜப்பானில் அதற்கு மேல் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இல்லை என்று மதிக்கப்படும் குழு, விளையாட்டு இசைக்கு வந்து உட்கார்ந்து வாசித்தார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். லண்டன் பில்ஹார்மோனிக் 90-களில் வந்தது. டோக்கியோ மெட்ரோபாலிட்டன் 2000-க்குப் பிறகு. டோக்கியோக்காரர்கள்தான் தொடர் முழுவதையும் ஒரே கையால் வாசித்து முடித்தவர்கள், கிங் ரெக்கார்ட்ஸ் வெளியீடு, கேஐசிசி என்று ஆரம்பிக்கும் பட்டியல் எண் இருக்கும்.

என் காதுக்கு: என்எச்கே பதிவில் பித்தளை வாத்தியங்கள் நெஞ்சில் வந்து மோதும். லண்டன் அகலம், மெதுவாக விரியும், கூடம் பெரியது என்று கண்ணை மூடினால் தெரியும். டோக்கியோ சுத்தம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும், சில இடங்களில் எனக்கு அந்தச் சுத்தமே கொஞ்சம் அதிகமாகப் படும்.

உங்களுக்கு 3-ஆம் பாகம் பிடித்திருக்கிறது என்றால், முதல் சிடி டோக்கியோ 3 (நீங்கள் விளையாட்டில் கேட்டதோடு ஒத்துப் போகும், எளிதாகவும் கிடைக்கும்). இரண்டாவது, என்எச்கே 3. ஒரே இசையை இரண்டு தடவை வாங்குவதா என்று தோன்றும். வாங்குங்கள். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடிக் கேட்பதில்லையா, அதே கதைதான் இங்கேயும்.


செல்லோக்காரி (சென்னை):

ஓபிபட்டை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பத்து வருடமாக செல்லோ வாசிக்கிறேன், இந்தத் தொடரின் அரண்மனை இசையை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதனால் இது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம்.

முதல் பாகங்கள் வந்த பழைய பாமிகாம் (நின்டெண்டோவின் விளையாட்டுக் கருவி) கருவியில் ராகம் வாசிக்க மூன்று தடங்கள்தான் உண்டு. இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை. அப்புறம் இரைச்சலுக்கு ஒன்று, சாம்பிள் ஒலிக்கு ஒன்று. இதில் கதவு திறக்கும் சத்தமோ மெனு சத்தமோ வந்தால் ஒரு தடத்தை அது பிடுங்கிக்கொள்ளும், அந்த நேரம் அந்தக் குரல் காணாமல் போகும். இந்த நெருக்கடிக்குள் உட்கார்ந்து எழுதியவர் கோர்டுகளை (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பதை) கொட்ட முடியாது. சுகியாமா பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து வழிக்குப் போனார். முதல் பாகத்தின் அரண்மனை இசையைக் கேளுங்கள், மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், இரண்டுமே தனித்தனி ராகம், ஒன்று நிற்கும்போது மற்றொன்று நடக்கும். இரண்டே குரலில் இசை முழுசாக நிற்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், நரம்பிசைக் குழுவுக்கு மாற்றும்போது அவர் எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. கீழ்க்குரல் அப்படியே செல்லோவுக்கு வந்தது, நடுவில் வயோலாவுக்கு இடம் காத்திருந்தது. வேறு பல விளையாட்டு இசையின் ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தைக் கேட்டால், ஒரு நல்ல மெட்டின் மேல் பட்டுப்புடவை சுற்றியது போல இருக்கும், உள்ளே எலும்பு இருக்காது. இங்கே எலும்பு முதலில் இருந்தது. சிடி வாங்கியதும் அரண்மனை இசையை முதலில் போட்டு, மேல்குரலை விட்டுவிட்டுக் கீழே என்ன நடக்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேளுங்கள்.


பனைநிழல் (மதுரை):

செல்லோக்காரி அக்கா, ரொம்ப நன்றி. இப்போதே யூடியூபில் பழைய பாமிகாம் வடிவத்தைப் போட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்ன கீழ்க்குரல்! இவ்வளவு நாள் அதைத் தாளம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓபிபட்டை அண்ணா, சரி, இரண்டும் 3-ஆம் பாகமே வாங்குகிறேன். ஆனால் அந்த மலிவுப் பிரதி விஷயம் இன்னும் உறுத்துகிறது. அது டிராகன் குவெஸ்ட் இல்லை, பைனல் பேன்டசி 7-இன் நான்கு சிடி தொகுப்பு. புத்தம் புதிது என்று போட்டிருக்கிறார்கள், விலை மற்ற இடத்தில் கேட்பதில் நாலில் ஒரு பங்கு.


தேக்கா_மாடி (சிங்கப்பூர்):

வாங்க வேண்டாம். கையை எடுங்கள்.

90-களின் கடைசியில் இங்கே பேரங்காடிகளில் இந்த மாதிரிப் பிரதிகள் குவிந்து கிடக்கும். தைவானில் அச்சடித்தது. அச்சு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், என்னிடம் அப்போது ஏழெட்டு இருந்தன, அவை போலி என்று எனக்குப் பல வருடம் தெரியாது. பள்ளிக்கூடக் கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கியவை. அன்றைக்கு எனக்கு அந்த இசையைக் கொண்டுவந்து சேர்த்தவையும் அவைதான், அதனால் அவற்றை நான் தூக்கிப் போடவில்லை, ஆனால் யாருக்கும் விற்கவும் மாட்டேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது: ஜப்பானிய சிடி என்றால் டப்பாவின் இடது ஓரத்தில் ஓபி என்ற காகிதப் பட்டை சுற்றியிருக்கும், அதில் யென்னில் விலை அச்சாகி இருக்கும். பழைய பிரதியில் பட்டை தொலைந்திருக்கலாம், அதனால் பட்டை இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். தட்டைத் திருப்புங்கள். பளபளக்கும் பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி, பட்டியல் எண் பொடி எழுத்தில் இருக்கும். 90-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த அசல் என்றால் பெரும்பாலும் ஐஎப்பிஐ என்று ஒரு சின்னக் குறியும் இருக்கும். தட்டின் முகத்தில் ஜாஸ்ராக் (ஜப்பானிய இசை உரிமைச் சங்கம்) முத்திரை இருக்கும். அப்புறம் பட்டியல் எண்ணை எடுத்து விஜிஎம்டிபி தளத்தில் போடுங்கள், எந்த எண் எந்த வெளியீடு, எத்தனை தட்டு, போலி எண் எது என்பது வரைக்கும் அங்கே ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பைனல் பேன்டசி 7 முதல் வெளியீடு டிஜிக்யூப் நிறுவனத்துடையது, எண் எஸ்எஸ்சிஎக்ஸ் என்று ஆரம்பிக்கும். 2004 முதல் வந்த மறுவெளியீடு எஸ்க்யூஇஎக்ஸ். இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு விஷயம். அந்த நான்கு சிடி தொகுப்பு அசலாகவே கிடைத்தாலும் அதில் ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. பிளேஸ்டேஷன் ஒலிதான், 85 தடம். ஆர்க்கெஸ்ட்ராதான் வேண்டுமென்றால் அதே 1997-இல் வந்த ரீயூனியன் டிராக்ஸ் என்ற ஒற்றை சிடியைத் தேடுங்கள், அதன் கடைசியில் மூன்று தடம் முழு ஆர்க்கெஸ்ட்ரா, ஒன்-விங்டு ஏஞ்சல் உட்பட.


மின்விசிறி (திருச்சி):

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை, அதனால் கேட்கிறேன். இதெல்லாம் இப்போது ஸ்பாட்டிபையில் இருக்கிறதே? நின்டெண்டோகூட 2024 அக்டோபரில் தனியாக ஒரு இசைச் செயலி விட்டார்கள். பிடித்த தடத்தை ஒரு மணி நேரம் வரை நீட்டிக்கூடக் கேட்கலாம். இத்தனை காசும் சுங்கமும் கட்டி பிளாஸ்டிக் டப்பா எதற்கு?


ஓபிபட்டை (சென்னை):

மின்விசிறி, இது நியாயமான கேள்விதான். நானும் தினமும் ஸ்ட்ரீமிங்கில்தான் கேட்கிறேன், அதில் தப்பே இல்லை.

ஆனால் டிஜிக்யூப் கதையைச் சொல்கிறேன். 1996-இல், பைனல் பேன்டசியை உருவாக்கிய ஸ்கொயர் ஆரம்பித்த நிறுவனம் அது, ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னக் கடைகள் வழியாக விளையாட்டு விற்பதற்காக. இசை சிடிகளையும் அதுதான் வெளியிட்டது. 2003 கடைசியில் திவாலானது. ஒரே நாளில் பைனல் பேன்டசி இசை முழுக்க அச்சிலிருந்து போய்விட்டது. ஸ்கொயர் எனிக்ஸ் 2004-இல் மறுபடி வெளியிட்டார்கள் என்பதால் அந்தப் பெரிய பெயர்கள் தப்பின. சின்னச் சின்ன விளையாட்டுகளின் இசையில் பல திரும்பி வரவே இல்லை.

இன்னொன்று, சூப்பர் மரியோ கேலக்ஸி. 2007. மாஹிதோ யோகோத்தாவும் கோஜி கோண்டோவும் எழுதி, ஐம்பது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அதன் இரண்டு சிடி முழுத் தொகுப்பு ஜப்பானில் கிளப் நின்டெண்டோ உறுப்பினர்களுக்குப் புள்ளிகளுக்கு மாற்றாக மட்டும் கொடுத்தார்கள், எந்தக் கடையிலும் விற்கவில்லை. அவ்வளவு அழகான ஆர்க்கெஸ்ட்ரா இசை, பல வருடங்கள் அந்த இரண்டு தட்டுக்குள் மட்டும்தான் முழுசாக இருந்தது. யாரோ பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் நமக்கெல்லாம் கேட்கக் கிடைத்தது.

டிராகன் குவெஸ்டையே எடுங்கள். என்எச்கே பதிவுகளைப் பழைய சிடியில்தான் நான் கேட்டிருக்கிறேன். 1991 முதல் 1996 வரை டோக்கியோவில் ஐந்து தடவை ஆர்க்கெஸ்ட்ரா கேம் கான்செர்ட் நடந்தது, சுகியாமா முன்னின்று நடத்தியது. பல நிறுவனங்களின் விளையாட்டு இசை ஒரே மேடையில். ஐந்துக்கும் சிடி வந்தது. அதைப் போன்ற கச்சேரியில் யார் யாருக்கு உரிமை என்ற முடிச்சை அவிழ்த்து யாராவது மறுபடி வெளியிடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்த சிடி இருப்பவரிடம் இசை இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊரிலேயே பார்க்கிறோமே, படத்தின் பாட்டெல்லாம் கிடைக்கும், பின்னணி இசை மட்டும் எந்தத் தட்டிலும் வராமல் போயிருக்கும், படத்திலிருந்து வெட்டி எடுத்து வசனத்தோடு கேட்டுக்கொண்டிருப்போம்.

அதனால் என் வழக்கம், அச்சில் இருக்கும்போதே வாங்கிவிடுவது. மூவாயிரம் யென் சொச்சத்துக்குக் கடையில் கிடக்கும் சிடி, அச்சு நின்ற அடுத்த வருடம் என்ன விலை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.


பழந்தட்டு (கோவை):

எல்லோரும் சிடி பற்றியே பேசுகிறீர்களே, வினைல்? கடந்த பத்து வருடத்தில் விளையாட்டு இசைக்கு வந்த பெரிய மாற்றமே அதுதான். 2015-இல் டேட்டா டிஸ்க்ஸ் என்ற வெளியீட்டாளர்கள் ஆரம்பித்தார்கள், ஐயாம்8பிட், லேஸ்டு ரெக்கார்ட்ஸ் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். ஷேடோ ஆஃப் த கொலோசஸ் விளையாட்டின் இசை என்னிடம் எல்பியாக இருக்கிறது. கோ ஓட்டானியின் இசை. பன்னிரண்டு அங்குல அட்டையில் அந்தச் சமவெளியைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு அனுபவம். சிடி டப்பாவில் அது வராது. தட்டைத் திருப்பிப் போட எழுந்து போகும்போது கேட்டதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கிறது.


ஓபிபட்டை (சென்னை):

பழந்தட்டு சார், அந்த எல்பியை நானும் வைத்திருக்கிறேன், அட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கு வினைல் என்று வரும்போது நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், காரணம் சொல்கிறேன்.

33 சுழற்சியில் ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம் வைத்தால்தான் ஒலி நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும், இரைச்சல் மேலே வரும். ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரே சுற்றில் கடக்கும் தூரம் குறைந்துகொண்டே போகும், அதனால் பக்கத்தின் கடைசியில் சிதைவு அதிகம். சிம்பொனி இசை எங்கே உச்சத்துக்குப் போகும்? கடைசியில்தான். மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் முழு மூச்சில் வாசிக்கும் இடம், தட்டின் மிக மோசமான இடத்தில் வந்து விழுகிறது. மெதுவான இடங்களில் ஒற்றைப் புல்லாங்குழலுக்குப் பின்னால் சரசரப்பு. படம் அச்சடித்த பிக்சர் டிஸ்க் என்றால் இன்னும் மோசம்.

சிந்தசைசர் இசை, பழைய சிப் இசை எல்லாம் வினைலில் அருமையாக இருக்கும், ஏனென்றால் அங்கே சத்தத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு சிடி. இது என் உறுதியான கருத்து.


பழந்தட்டு (கோவை):

45 சுழற்சியில் வெட்டி மூன்று தட்டாகப் போட்டால் நீங்கள் சொல்லும் பிரச்சினை பாதி போய்விடும், ஓபிபட்டை. பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் வைக்கிறார்கள் என்றால் நடுப்பகுதி வரை போகவே வேண்டியதில்லை. எல்லா வெளியீட்டாளரும் அப்படிச் செய்வதில்லை, அது உண்மை. வாங்குவதற்கு முன் எத்தனை தட்டு, என்ன சுழற்சி என்று பார்த்து வாங்க வேண்டும். பிக்சர் டிஸ்க் பற்றி நீங்கள் சொன்னதில் மறுபேச்சே இல்லை, அது சுவரில் மாட்டத்தான்.


வடக்குவீதி (பாரிஸ்):

வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்போது பிரான்ஸ். ஜப்பானை விட்டு வெளியே என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் இது ஜெர்மனியில் தொடங்கியது. 2003 ஆகஸ்டில் லைப்சிக் கெவான்ட்ஹவுஸ் மண்டபத்தில் செக் நேஷனல் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த கச்சேரி, ஜப்பானுக்கு வெளியே நடந்த முதலாவது. ஏற்பாடு செய்தவர் தோமஸ் பொக்கர். அதற்குப் பிறகு கொலோன் நகரில் டபிள்யூடிஆர் ஆர்க்கெஸ்ட்ராவோடு 2008, 2009-இல் செய்தவை, பிறகு 2013-இல் பைனல் சிம்பொனி. இந்தக் கடைசித் தொகுப்பைத்தான் நீங்கள் எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடம், 2015 வெளியீடு.

ஏன் சொல்கிறேன் என்றால், பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ரா ஆல்பங்கள் விளையாட்டில் வந்த துண்டை எடுத்து மூன்று நிமிடம் வாசித்து, இரண்டாம் முறை திரும்ப வாசித்து முடித்துவிடும். இதில் அப்படி இல்லை. பைனல் பேன்டசி 6-ஆம் பாகம் ஒரு சிம்பொனிக் கவிதை, 10-ஆம் பாகம் ஒரு பியானோ கான்செர்டோ, 7-ஆம் பாகம் மூன்று பகுதி கொண்ட முழுச் சிம்பொனி. ஜோன்னே வால்டோனன், ரோஜர் வனாமோ இருவரும் பின்லாந்துக்காரர், 6, 7-ஆம் பாகங்களில் விளையாட்டின் இசையமைப்பாளர் நொபுவோ உவெமாட்சுவின் மெட்டுகளை உடைத்து, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒரு மெட்டு வருமென்று காத்திருப்பீர்கள், அது வராமல் அதன் நிழல் மட்டும் பாசூனில் போகும், பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் முழுசாக வரும். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த இசை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். நாலாம் தடவை இரவு ரயிலில் கேட்டேன், இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போனதே தெரியவில்லை.


செல்லோக்காரி (சென்னை):

வடக்குவீதி சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. அதே நேரம், மேற்கில் முதலிலிருந்தே ஆர்க்கெஸ்ட்ராவுக்காகவே எழுதப்பட்டவையும் இருக்கின்றன. மைக்கேல் ஜியாக்கினோ பெரிய திரைப்பட இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் 1997-இல் லாஸ்ட் வேர்ல்டு, 1999-இல் மெடல் ஆஃப் ஹானர் விளையாட்டுகளுக்கு எழுதினார். அதே 1999-இல் அவுட்காஸ்ட், மாஸ்கோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, பாடகர் குழுவோடு. சிடி அளவுக்கு ஒலி இருந்தால் போதாது, நிஜ மனிதர்கள் வாசிக்க வேண்டும் என்று காசு செலவழிக்க விளையாட்டு நிறுவனங்கள் துணிந்த காலம் அது.

எனக்கு நெருக்கமானது ஜர்னி என்ற விளையாட்டின் இசை. 2012, ஆஸ்டின் விண்டரி. மாசிடோனியா வானொலி சிம்பொனி வாசித்தது, செல்லோ டினா குவோ. திரைப்படம், தொலைக்காட்சி இசைக்கான கிராமி பிரிவில் விளையாட்டு இசை ஒன்று முதன்முதலாகப் பரிந்துரை பெற்றது அதுதான். விளையாட்டு இசைக்குத் தனிப் பிரிவு வந்தது 2023-இல், முதலில் வாங்கியவர் ஸ்டெபனி எகனாமௌ. ஜர்னியில் செல்லோதான் கதாநாயகன். மற்ற வாத்தியங்கள் எல்லாம் அதைச் சுற்றி மணல் போலக் கிடக்கும், போகப் போக ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். மாணவர்களிடம் ஒற்றை ஸ்வரத்தை நீட்டி வாசிப்பது எப்படி என்று சொல்ல நான் அந்த முதல் தடத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.


மின்விசிறி (திருச்சி):

டிஜிக்யூப் கதை எனக்குத் தெரியாது. சரி, ஓபிபட்டை அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். இப்போது வேறு ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுகியாமா பற்றித் தேடினால் அவருடைய அரசியல் வருகிறது. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் பெண்களுக்குச் செய்த கொடுமையை மறுத்து 2007-இல் வாஷிங்டன் போஸ்டில் வந்த விளம்பரத்தில் அவர் பெயரும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் 2021 ஜூலையில் அவர் இசையோடுதான் அணிவகுப்பு ஆரம்பித்தது, அப்போதும் இது பேசப்பட்டது. இதை நீங்களெல்லாம் எப்படிப் பார்க்கிறீர்கள்?


தேக்கா_மாடி (சிங்கப்பூர்):

கேட்டது நல்லது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் என் பாட்டனார் இங்கே இருந்தவர், ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போன கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அதனால் அந்த விளம்பரம் எனக்கு வெறும் செய்தி இல்லை, வலிக்கிறது. அவர் செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

இசையை நான் விடவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை டிராகன் குவெஸ்ட் சிடியைப் புதிதாக வாங்கவில்லை, பழைய கடையில் இன்னொருவர் விற்றதைத்தான் வாங்கினேன். 2021 செப்டம்பரில் இறந்துவிட்டார். இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு, மற்றவர்கள் அவரவர் மனசுக்குச் சரி என்று படுவதைச் செய்யட்டும். வாசித்த எண்பது பேரும் அந்த விளம்பரத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் நினைத்துக்கொள்வேன்.


செல்லோக்காரி (சென்னை):

தேக்கா அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி.


ஓபிபட்டை (சென்னை):

ஆமாம், இதைச் சொல்லாமல் விட்டிருக்கக் கூடாது, முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

பனைநிழல், வாங்கும் முறை பற்றி மறந்துவிடுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் பழைய கடைகள், மன்தராக்கே, சுருகாயா போன்றவை, தரம் பற்றி எழுதுவதில் ரொம்பக் கறார். அவர்கள் ‘கீறல் உண்டு’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு அந்தக் கீறல் தெரியாது. ஓபி இருக்கிறதா இல்லையா என்று தனியாகப் போட்டிருப்பார்கள். இடையில் வாங்கி அனுப்பித் தரும் சேவைகள் உண்டு. ஒரு சிடிக்காக ஒரு பார்சல் அனுப்பினால் தபால் செலவு சிடியை விழுங்கிவிடும், நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். சுங்கத்துக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

வந்த பிறகு எப்படி வைப்பது என்பது அதைவிட முக்கியம். எனக்கு ஒருவர் அனுப்பிய நான்கு தட்டு டப்பாவில், தட்டுக்கும் மூடிக்கும் நடுவே பஞ்சு போன்ற நுரைத்தாள் இருந்தது. பழைய தடித்த டப்பாக்களில் இப்படி வைப்பது வழக்கம். நான் அதை எடுக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்துத் திறந்தால் அந்த நுரை பொடிந்து, பிசுபிசுவென்று தட்டின் அச்சுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கும் தகவல் இருக்கும் உலோகப் பூச்சுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுதான். ஈரத் துணியால் துடைத்தேன், எழுத்தும் கூடவே வந்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிக் குத்து போல மூன்று ஓட்டை. கடைசித் தட்டின் இரண்டு தடம் இனி ஓடாது. நுரைத்தாள் இருந்தால் அன்றைக்கே எடுத்துப் போடுங்கள்.

சென்னை, மதுரை ஈரத்துக்கு உள்ளே இருக்கும் சிறு புத்தகம்தான் முதலில் கெடும், பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா பொட்டலம் ஒன்று அலமாரியில் போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள். ஓபியை டப்பாவுக்கு வெளியே விட்டால் ஓரம் கிழியும், மேலே ஒரு உறை போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள், பிவிசி வெயிலில் வியர்க்கும்.


வடக்குவீதி (பாரிஸ்):

அந்த நுரைத்தாள் விஷயம் படித்ததும் எழுந்து போய் என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இரண்டு டப்பாவில் இருந்தது. எடுத்துவிட்டேன். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்குப் பெரிய நன்றி.


பனைநிழல் (மதுரை):

ஏழு வாரம் கழித்து வருகிறேன். பழந்தட்டு சாரும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தோம், நேற்று வந்தது. டோக்கியோ 3, என்எச்கே 3. என்எச்கே பிரதியில் ஓபி இருக்கிறது, வெயில் பட்டு ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறது, யாரோ ஒருவர் வீட்டில் முப்பது வருடம் ஜன்னல் பக்கமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருக்கிறது. அழிக்கவில்லை.

முதலில் டோக்கியோ போட்டேன். விளையாட்டில் கேட்டதுதான், ஆனால் விளையாட்டில் நடந்துகொண்டே இருந்ததால் நான் கேட்காமல் விட்ட இடங்கள் எத்தனை என்று இப்போதுதான் தெரிந்தது. செல்லோக்காரி அக்கா சொன்னபடி அரண்மனை இசையில் கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். முதல் தடவை நடுவில் தவறவிட்டேன், இரண்டாம் தடவை கடைசி வரை போக முடிந்தது.

அப்புறம் என்எச்கே. ஆரம்பத்தில் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று பட்டது, இந்தக் காலத்து சிடிகளைவிட அடக்கமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நானும் ஒலியைக் கூட்டி வைத்தேன். பித்தளை வாத்தியங்கள் எழுந்த இடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து என்னடா அது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். விளையாட்டு இசைம்மா என்றேன். நம்பவில்லை. அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தத் தடம் முடியும் வரை உட்கார்ந்து கேட்டார். சுத்தம் டோக்கியோதான், ஓபிபட்டை அண்ணா, ஆனால் இன்று காலையில் கை தானாக என்எச்கே டப்பாவைத்தான் எடுத்தது.

அடுத்து 5-ஆம் பாகம், 1992 பதிவு. யாரிடமாவது இரண்டு பிரதி இருந்து ஒன்றைக் கொடுக்க மனசிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நுரைத்தாள் இருந்தால் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.